பச்சைப் புள்ளியை நம்பி 'புரோட்டீன் பார்' தின்ற வாலிபர்: பாதி ஓட்டத்தில் வயிற்றைப் பிடித்தார்!

சென்னை,-
போலீஸ் வேலைக்கான உடல் தகுதி தேர்வுக்கு மெரினாவில் ஓட்டப்பயிற்சி எடுத்த வாலிபர் ஒருவர், பாதி ஓட்டத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்து விட்டார். காரணம், கிளம்பும் முன்பு அவர் தின்ற ஒரு 'புரோட்டீன் பார்'!

இது பற்றிய விவரம் வருமாறு:-

வடசென்னையைச் சேர்ந்த அந்த வாலிபருக்கு வயது 24. ஓட்டல் சாப்பாட்டை பைக்கில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வேலை. காலையில் ஓட்டம், இரவில் ஜிம். சீருடைப் பணியாளர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். தாண்டினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அவருக்குச் சின்ன வயதில் இருந்தே பால் ஆகாது. ஒரு டம்ளர் குடித்தால் வயிறு பொருமும். ஒரு மணி நேரத்துக்குள் பேதியாகும். வீட்டில் அவருக்கு மட்டும் கடுங்காப்பிதான்.

ஜிம் நண்பர்கள் எல்லாரும் தின்கிறார்களே என்று, 100 ரூபாய் கொடுத்து ஒரு பார் வாங்கினார். "இதுல பால் இருக்கா அண்ணே?" என்று கேட்டிருக்கிறார். "பச்சைப் புள்ளி போட்டிருக்கு பாரு, சுத்த வெஜ்ஜு. தைரியமா சாப்பிடு தம்பி" என்று கடைக்காரர் சொல்லி இருக்கிறார்.

மறுநாள் காலை 5 மணிக்கு அதைத் தின்றார். ஆறு மணிக்கு ஓடினார். பாதி தூரம் கூட தாண்டவில்லை!

மாஸ்டர் கண்டுபிடித்தார்

அன்று மாலை காலி உறையோடு ஜிம் மாஸ்டரிடம் போனார். மாஸ்டர் செல்போன் கேமராவில் பொடி எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ஏம்பா, 'வே புரோட்டீன்'னு போட்டிருக்கானே! அதுக்குக் கீழேயே 'மில்க் சாலிட்ஸ்'. இதுல பாலைத் தவிர வேற என்னப்பா இருக்கு?"

"புள்ளி பச்சையா இருந்துச்சே மாஸ்டர்!"

"பால் குடிக்கிறவன் சைவம் இல்லையா? அதுக்குத்தான் அந்தப் புள்ளி."

மாஸ்டர் சொன்னது சரிதான். பச்சைப் புள்ளிக்கு இறைச்சி, மீன், முட்டை இல்லை என்பதுதான் அர்த்தம். பால், தயிர், நெய் எல்லாம் அந்தப் புள்ளிக்குள் அடக்கம்.

பாலும் கிடையாது, தேனும் கிடையாது, மிருகத்திடம் இருந்து வந்த எதுவுமே கிடையாது என்றால் அதற்குப் பெயர் 'வீகன்'. அதற்கென்று மத்திய உணவு பாதுகாப்பு ஆணையம் 2022-ம் ஆண்டு தனி விதிமுறை கொண்டுவந்தது. பச்சை நிறத்தில் 'வி' என்ற ஆங்கில எழுத்தும் இலையும் கொண்ட முத்திரை தனியாக இருக்கிறது. பச்சைப் புள்ளி வேறு, இந்த முத்திரை வேறு!

'வே' என்பது என்ன?

பால் திரிந்தால் கட்டி ஒரு பக்கம், தெளிந்த நீர் ஒரு பக்கம் பிரியும். பன்னீர் செய்யும் வீடுகளில் கீழே ஊற்றும் அந்த நீரில் இருக்கும் புரதத்தைப் பிரித்து, காயவைத்து எடுப்பதுதான் 'வே'. கட்டியில் இருக்கும் புரதம் 'கேசின்'. இரண்டுமே பால்தான்.

பாலில் 'லாக்டோஸ்' என்ற சர்க்கரை இருக்கிறது. அதைச் செரிக்க வைக்கும் சுரப்பு சிலருக்குக் குறைவு. அவர்களுக்குப் பொருமலும் பேதியும் வரும். அதோடு போய்விடும். ஆனால் பால் அலர்ஜி என்பது வேறு. அதில் உடம்பு தடிக்கும், மூச்சு திணறும், உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படிப்பட்டவர்கள் "கொஞ்சம்தானே" என்று ருசி பார்க்கக் கூடாது.

பால் சேர்த்திருந்தால் உறையில் சொல்லியாக வேண்டும் என்பது சட்டம். ஆனால் ஆங்கிலத்திலோ இந்தியிலோ சொன்னால் போதும். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர் 100 ரூபாய் கொடுத்தும், கடைக்காரர் வாயைத்தான் நம்ப வேண்டி இருக்கிறது!

மூன்று பார், மூன்று ருசி

விஷயம் அதோடு முடியவில்லை. ஜிம் வாலிபர்கள் பணம் போட்டு, வீகன் முத்திரை உள்ள பார் மூன்று வாங்கி, துண்டு போட்டுத் தின்று பார்த்தனர்.

முதல் பார், பட்டாணிப் புரதம். வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ருசி? "பச்சை மாவை மென்ன மாதிரி இருக்கு" என்று ஒருவர் தண்ணீர் பாட்டிலைத் தேடினார்.

இரண்டாவது, பேரீச்சம்பழமும் நிலக்கடலையும் சேர்த்தது. ருசி அபாரம். ஆனால் இனிப்புதான் தூக்கல், புரதம் குறைச்சல்.

மூன்றாவது, 'சர்க்கரை சேர்க்காதது'. பால் இல்லை. ஆனாலும் இரண்டு பேருக்கு இரவு முழுவதும் வயிறு கடமுடா! உறையைப் பார்த்தால், சர்க்கரைக்குப் பதில் 'மால்டிடால்' என்ற இனிப்பு. அதிகம் தின்றால் காற்றும் பேதியும் உண்டாக்கும் சரக்கு அது.

அம்மா கேட்ட கேள்வி

நடந்ததைக் கேட்ட வாலிபரின் தாயார், பெட்டிக்கடையில் வாங்கிய கடலை மிட்டாயை நீட்டி, "இதுல இல்லாதது அதுல என்னடா இருக்கு?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. 2020-ம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு நிலக்கடலையும் வெல்லமும்தான் முக்கிய சரக்கு. 100 கிராம் நிலக்கடலையில் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது. 10 கிராம் புரதம் என்று போட்ட பாருக்கு, 40 கிராம் வறுகடலை சமம். செலவு பத்து ரூபாய்க்குள் முடியும். மிட்டாயாகத் தின்றால் வெல்லமும் சேர்ந்து உள்ளே போகும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

சாதாரண ஆளுக்கு, எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. 60 கிலோ ஆளுக்கு நாளைக்கு 50 கிராம். கடுமையாகப் பயிற்சி செய்பவருக்குக் கூடுதலாக வேண்டி இருக்கலாம். அரிசியும் பருப்பும், சுண்டலும், சோயாவும் சேர்த்துச் சாப்பிட்டால் பெரும்பாலும் கணக்கு நேராகிவிடும். உடம்பு ஏற்றுவதற்காக புரோட்டீன் பவுடர் போன்றவற்றை நாட வேண்டாம் என்று அந்தக் கழகம் 2024-ம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியில் சொல்லி இருக்கிறது.

உறையில் பார்க்க வேண்டியது

பால் ஆகாதவர்கள் உறையின் பின்பக்கம் இந்த வார்த்தைகளைத் தேட வேண்டும்: மில்க் சாலிட்ஸ், வே, கேசின், கேசினேட், லாக்டோஸ், பட்டர். ஒன்று இருந்தாலும் கீழே வைத்துவிட வேண்டும். ஆங்கிலம் தெரியாதவர்கள், தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம். அதில் வெட்கமே வேண்டாம்.

அந்த வாலிபர் இப்போது ஓடுவதற்கு முன்பு ஒரு வாழைப்பழம், ஓடி முடித்ததும் ஒரு கிண்ணம் சுண்டல் சாப்பிடுகிறார். கடைசியாக ஓடியபோது 6 நிமிடம் 40 வினாடி. தேர்வு நாளை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்.

"செலக்சன் அன்னிக்கு எவன் என்ன கொடுத்தாலும் வாயில வைக்கிறதா இல்ல. அம்மா கட்டிக் கொடுக்கிறதுதான்" என்கிறார்.