பம்பு மோட்டாருக்குச் செல்லும் கம்பியின் தடை

கிணற்று மோட்டார் அடிக்கடி சூடேறிப் பழுதாவதற்குக் கம்பி மெலிந்திருப்பதும் ஒரு காரணமாகும். மின்சாரம் பாய்வதைக் கம்பி தடுக்கும் அளவிற்குத் தடை என்று பெயர். அது ஓம் என்னும் அளவையால் குறிக்கப்படும். ஜெர்மானிய விஞ்ஞானி ஜார்ஜ் ஓம் 1827-ல் வெளியிட்ட விதிப்படி, தடையை ஆம்பியரால் பெருக்கினால் கம்பியில் இழக்கப்படும் வோல்ட் கிடைக்கும்.

1 மீட்டர் நீளமும் 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புமுள்ள செப்புக் கம்பியின் தடை சுமார் 0.0172 ஓம். மீட்டர் பெட்டியிலிருந்து கிணறு 100 மீட்டர் தூரத்திலிருப்பின், ஒற்றை பேஸ் மோட்டாருக்குப் போகவும் வரவும் 200 மீட்டர் கம்பி வேண்டும். கம்பி 1.5 சதுர மில்லிமீட்டராயின், 0.0172-ஐ 200-ஆல் பெருக்கி 1.5-ஆல் வகுக்கத் தடை 2.29 ஓம். மோட்டார் 10 ஆம்பியர் இழுத்தால், 230 வோல்டில் சுமார் 23 வோல்ட் வழியிலேயே வீணாகும். அழுத்தம் குறையவே மோட்டார் இன்னும் அதிக ஆம்பியர் இழுத்துக் காயில் கருக நேரிடும்.

4 சதுர மில்லிமீட்டர் கம்பியிலோ தடை 0.86 ஓம், இழப்பு 8.6 வோல்ட் மாத்திரமே. 1-ஐத் தடையால் வகுத்து வருவது கடத்துதிறன். அதன் அளவை சீமென்ஸ். மெல்லிய கம்பிக்கு 0.44, தடித்த கம்பிக்கு 1.16. ஆகவே கம்பி வாங்குமுன் தூரத்தை அளந்து இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பது விவசாயிகளுக்கு அனுகூலமாகும்.