25 பெண்கள் பேசினார்கள். அந்தப் பேச்சு யாருக்குச் சொந்தம்?

மெக்சிகோவின் யுகடான் தீபகற்பத்தில் வாழும் மாயா பழங்குடிப் பெண்களுக்கு, மாதவிடாய் நிற்கும் காலத்தில் 'ஹாட் ஃப்ளஷ்' வருவதே இல்லை என்றொரு செய்தி 1980-களிலிருந்து உலவுகிறது. முகமும் கழுத்தும் திடீரெனக் கொதித்து, வியர்வை கொட்டி, சில நிமிடங்களில் அடங்கும் அந்த அவஸ்தை தங்களுக்கு இல்லை என்று கிராமத்துப் பெண்கள் சொன்னதை யெவூப்தார் பெயேனே என்ற மானுடவியலாளர் பதிவுசெய்தார். 1993-ல் வந்த மருத்துவ ஆய்வொன்று, அவர்களுடைய ஹார்மோன் அளவுகள் அமெரிக்கப் பெண்களுடையதைப் போலவே மாறியிருப்பதைக் கண்டது. ஹாட் ஃப்ளஷ் மட்டும் இல்லை என்றே அதுவும் எழுதியது. பிற்பாடு அதே தீபகற்பத்தின் காம்பெச்சே மாநிலத்தில் வேறு ஆய்வாளர்கள் போய்க் கேட்டார்கள். அங்கே மாயா பெண்களும் ஹாட் ஃப்ளஷ் வருவதாகச் சொன்னார்கள்.

பெயேனே எழுதியதைப் பொய் என்று தள்ள முடியாது. ஒரு காலத்தில், சில கிராமங்களில், அவரிடம் சொல்லப்பட்டதை எழுதினார். உணவு, பிள்ளைப்பேறு, வேலைச் சுமை எல்லாம் இடத்துக்கு இடம் மாறும். உடல் அனுபவமும் கூடவே மாறலாம். வம்பு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. 'இந்தக் கிராமத்துப் பெண்கள் சொல்லவில்லை' என்பது 'மாயா பெண்களுக்கு வராது' என்றாகி, கடைசியில் 'பழங்குடிப் பெண்களுக்கு இதெல்லாம் பெரிய தொந்தரவில்லை' என்று முடிகிறது. இப்படி நம்பிவிட்ட மருத்துவரிடம் ஒரு பழங்குடிப் பெண் போய் 'ராத்திரியெல்லாம் வியர்க்குது, தூக்கமே இல்லை' என்றால், அவர் காதில் அது ஏறாது. ஓர் ஆய்வைச் சரியாக எடைபோடுவது பேராசிரியர்களின் வேலை மட்டும் என்று விட்டுவிட முடியாததற்கு இதுவே காரணம்.

எண்ணிக்கையைக் கணக்கிடாமல், மனிதர்கள் தங்கள் வாயால் சொல்வதைக் கேட்டு அலசுவதைப் பண்புசார் ஆய்வு என்கிறார்கள். பூர்வகுடிப் பெண்களின் மாதவிடாய் நிறுத்தம் பற்றி இவ்வகை ஆய்வுகள் குறைவு. அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜெரால்டன் நகரில் நடந்து, 2012-ல் வெளியான ஆய்வு. 25 பூர்வகுடிப் பெண்கள் பேசினார்கள். இந்த மாற்றத்தை முதுமையோடும், முதுமையால் ஊரில் கூடும் மரியாதையோடும் சேர்த்தே அவர்கள் பார்த்தார்கள். கூடவே பயமும் இருந்தது. உடம்பில் நடப்பது இதனாலா, வேறு நோயாலா என்று பிரித்தறிய முடியாத குழப்பம். தனக்கும் வீட்டாருக்கும் விளக்கிச் சொல்ல ஆளில்லாத நிலை.

'25 பேர்தானே?' என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் உண்டு. அது தவறான கேள்வி. 25 பேரிடம் ஆற அமர உட்கார்ந்து பேசினால் கிடைப்பது, 2,500 பேருக்குப் படிவம் கொடுத்தால் கிடைக்காது. வேறு விதமாகக் கேட்க வேண்டும். ஜெரால்டன் ஒரே ஊர். ஐரோப்பியர் வந்தபோது ஆஸ்திரேலியாவில் 250-க்கும் மேற்பட்ட மொழிகள் இருந்தன. அந்நாட்டின் இன்னொரு பூர்வகுடியான டோரஸ் நீரிணைத் தீவினர் தனி மக்கள். ஜெரால்டன் பெண்கள் சொன்னதை அத்தனை பேர் தலையிலும் ஏற்றும் கட்டுரை கண்ணில் பட்டால் சந்தேகப்பட வேண்டும். மேற்கோள்களையும் கவனியுங்கள். முடிவுகளுக்கு ஆதாரமாகக் காட்டப்படும் வாசகங்கள் திரும்பத் திரும்ப இரண்டு மூன்று பேருடையவையா, பலருடையவையா? முரண்பட்டுப் பேசியவரின் குரல் எங்கே போனது?

அடுத்து, கேட்டவர் யார் என்பது. பல ஆஸ்திரேலியப் பூர்வகுடிச் சமூகங்களில் உடல், பிறப்பு, மாதவிலக்கு போன்றவை 'பெண்களின் காரியம்'. ஆண் முன்னால் அவற்றைப் பேச மாட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஓர் ஆண், அல்லது அன்றைக்குத்தான் விமானத்தில் வந்திறங்கிய அந்நியர், ஒலிப்பதிவுக் கருவியோடு உட்கார்ந்து 'உங்களுக்கு என்னென்ன தொந்தரவு?' என்று கேட்டால், 'ஒன்றுமில்லை' என்றுதான் பதில் வரும். அந்த 'ஒன்றுமில்லை' ஆய்வறிக்கையில் 'அறிகுறிகள் இல்லை' என்று அச்சாகிவிடும். அங்கே பூர்வகுடி ஆய்வாளர்கள் கையாளும் 'யார்னிங்' என்ற முறை, குடும்பம், ஊர், உறவு என்று சுற்றிவந்து, அவசரமில்லாமல் விஷயத்துக்கு வரும் பேச்சு. அதற்கு நேரம் பிடிக்கும். எத்தனை நாள் அங்கே இருந்தார்கள், எத்தனை முறை பேசினார்கள் என்பதை நல்ல அறிக்கை மறைக்காது.

பண்புசார் ஆய்வுகளை எடைபோட 'காஸ்ப்' என்ற 10 கேள்விப் பட்டியல் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. நோக்கம் தெளிவா, அலசல் கறாரா, ஆய்வாளருக்கும் பேசுபவருக்கும் உள்ள உறவு யோசிக்கப்பட்டதா என்றெல்லாம் கேட்கும். நல்ல பட்டியல்தான். ஆனால், அந்த ஊர் மக்கள் இந்த ஆய்வு வேண்டுமென்று கேட்டார்களா, ஒலிப்பதிவு யார் கையில் இருக்கிறது, ஆய்வால் ஊருக்கு என்ன கிடைத்தது என்று அது கேட்பதில்லை. அந்தக் குறையைத் தீர்க்க ஆஸ்திரேலியாவின் பூர்வகுடி ஆய்வாளர்கள் 14 கேள்விகள் கொண்ட தனித் தரமதிப்பீட்டுக் கருவியை உருவாக்கினார்கள். அதில் முதல் கேள்வியே, இந்த ஆய்வு சமூகம் தீர்மானித்த தேவையிலிருந்து பிறந்ததா என்பது. காஸ்பில் முழு மதிப்பெண் வாங்கிய ஆய்வு இதில் தோற்றுப்போகலாம். என்னைக் கேட்டால், பூர்வகுடிப் பெண்களின் உடலைப் பற்றிய ஆய்வுக்கு இரண்டாவது பட்டியலை முதலில் வைக்க வேண்டும்.

பேசுகிற பெண்ணுக்கு என்ன உரிமை? மறுக்கலாம், பாதியில் எழுந்து போகலாம், ஒரு கேள்வியை மட்டும் தாண்டச் சொல்லலாம்; இதனால் மருத்துவ உதவி நிற்கக் கூடாது. இவை எல்லா நாட்டிலும் பொது. இதற்கு மேல், 2007-ல் ஐ.நா. வெளியிட்ட பூர்வகுடிகள் உரிமைப் பிரகடனத்தின் 31-வது பிரிவு, தங்கள் மரபறிவைத் தாங்களே கட்டுப்படுத்தும் உரிமையை மக்களுக்குக் கூட்டாகத் தருகிறது. அன்று எதிர்த்து வாக்களித்த நான்கு நாடுகளில் ஆஸ்திரேலியாவும் ஒன்று, 2009-ல்தான் ஏற்றது. பிரகடனம் நேரடியாகச் சட்டமாகாது. ஆனால் பூர்வகுடித் தலைமையும் சமூகப் பயனும் வேண்டும் என்று அந்நாட்டின் பூர்வகுடி ஆய்வு நிறுவனமான அயட்சிஸ் 2020-ல் வெளியிட்ட நெறிமுறை சொல்கிறது.

அபாயங்களில் பலர் கவனிக்காதது அடையாளம் வெளிப்படுவது. பெயரை எடுத்துவிட்டோம் என்பார்கள். 300 பேர் வாழும் ஊரில் '52 வயது, சுகாதாரப் பணியாளர், ஐந்து பிள்ளைகள்' என்று அச்சிட்டால் பெயர் எதற்கு? கணவனோடான உறவு பற்றி அந்தரங்கமாகச் சொன்ன ஒரு வரி அடுத்த வாரமே ஊர்ப் பேச்சாகிவிடும். அச்சாவதற்கு முன் தன் பகுதியைப் பார்த்து, வேண்டாததை நீக்கச் சொல்லும் வாய்ப்பை முதல் நாளே கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. வெளியான பிறகு திரும்பப் பெறுவது அநேகமாக முடியாது.

மீறல் நடந்தால் வழியில்லாமல் இல்லை. அமெரிக்காவின் ஹவசுபாய் பழங்குடியினரிடம் 1990-களில் நீரிழிவு ஆய்வுக்கென்று எடுத்த ரத்தம், அவர்களைக் கேட்காமலே மனநோய் பற்றியும் முன்னோரின் இடப்பெயர்வு பற்றியும் ஆராயப் பயன்பட்டது. வழக்குத் தொடுத்தார்கள், 2010-ல் 7,00,000 டாலர் இழப்பீட்டோடு, மிச்சமிருந்த ரத்த மாதிரிகளும் அவர்களிடம் திரும்பின. ரத்தத்துக்குப் பொருந்தும் நியாயம் ஒலிப்பதிவுக்கும் பொருந்தும்.

நம் நாட்டுக் கதை இதைவிடக் கசப்பானது. 2009-ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் நடந்த, கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசித் திட்டத்தில், விடுதிப் பழங்குடிச் சிறுமிகள் பலருக்குப் பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்களே சம்மதக் கையெழுத்துப் போட்டார்கள். நாடாளுமன்றக் குழு 2013-ல் இதைக் கடுமையாகச் சாடியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறைகள் பழங்குடியினருக்குத் தனிப் பாதுகாப்பு கேட்கின்றன. ஊர்த் தலைவர் அனுமதித்தாலும் ஒவ்வொருவரின் சம்மதமும் தனியாக வேண்டும். நீலகிரியிலோ ஜவ்வாது மலையிலோ யாராவது கேள்விப்பட்டியலோடு வந்தால், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதத்தைக் காட்டச் சொல்லலாம். புகாருக்கான முகவரியும் எண்ணும் தகவல் தாளில் இருக்க வேண்டும். அந்தத் தாள் உங்கள் கைக்கு வர வேண்டும்.

ஆய்வு எதுவானாலும் உடம்பு காத்திருக்காது. ராத்திரி வியர்வையும் படபடப்பும் வந்தால் 'வயசாச்சு' என்று விடக் கூடாது. காசநோய், தைராய்டு, இதயக் கோளாறு, சர்க்கரை குறைவு எல்லாவற்றுக்கும் அதே முகம் உண்டு. மாதவிடாய் நின்று 12 மாதம் கடந்த பின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் அது இருக்கலாம். 40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றுவிட்டால் எலும்புத் தேய்மானத்துக்கும் சேர்த்துச் சிகிச்சை கேட்க வேண்டும்.