ஒரு இஞ்சும் அனங்காது

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு ஒர்க்‌ஷாப். பழைய ஸ்விஃப்டின் டிரைவர் சீட்டில் சிவப்பாக நாலு பட்டை தொங்கியது. கைமாறி வந்த பழைய ரேசிங் ஹார்னஸ். தோளுக்கான பட்டை இரண்டையும் பின்சீட்டுக்குக் கீழே தரையிலிருந்த பெல்ட் போல்ட்டில் முறுக்கியிருந்தான் பையன். கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டிப் பார்க்கப் போகிறானாம். “இனி ஒரு இஞ்சும் அனங்காது அண்ணா” என்றான்.

அந்தப் பேச்சில்தான் எனக்கு வயிறு கலங்கியது.

60 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவது, 14 மீட்டர் உயரத் தென்னையின் உச்சியிலிருந்து விழுவதற்குச் சமம். காரின் முன்பகுதி நசுங்கும், பெல்ட் கொஞ்சம் இழுபடும். இரண்டும் சேர்ந்து உடல் நிற்க அரை மீட்டர் கிடைத்தால் அதுவே பெரிய கொடை. அப்போதும் 70 கிலோ ஆளைத் தாங்க ஏறத்தாழ 2 டன் விசை வேண்டும். அதை உடம்பில் எந்த இடம் வாங்கிக்கொள்வது என்பதுதான் கேள்வி. வயிறு வாங்காது, இடுப்பெலும்பும் நெஞ்சுக்கூடும் வாங்கும். வோல்வோவின் நில்ஸ் போலின் 1959இல் கொண்டுவந்த மூன்றுமுனை பெல்ட் செய்வது அதைத்தான். அவர் அதற்கு முன் போர்விமானங்களில் விமானியை வெளியே வீசும் இருக்கைகளை வடிவமைத்தவர்.

நாலு பட்டை என்றால் இன்னும் நல்லதுதானே? அங்கேதான் சிக்கல். மோதும்போது தோள் பட்டைகள் நடுவிலிருக்கும் பக்கிளை மேலே இழுக்கும். பக்கிளோடு இடுப்புப் பட்டையும் எலும்பை விட்டு ஏறி வயிற்றில் பதியும். உடல் அதற்கடியில் வழுக்கிப் போகும். குடலும் கல்லீரலும் நசுங்கும். இதைத் தடுக்கத்தான் தொடைகளுக்கு நடுவே ஐந்தாவது, ஆறாவது பட்டைகள். அவை நுழைய சீட்டில் ஓட்டை வேண்டும். சாதாரண சீட்டில் ஏது ஓட்டை? ஆக, ஓட்டையுள்ள பந்தய பக்கெட் சீட் வாங்க வேண்டும்.

அதோடு முடியவில்லை. கார் உருண்டால் சாதாரண பெல்ட்டில் உடல் பக்கவாட்டில் சாய இடமுண்டு. ஹார்னஸ் ஆளை நட்ட கல்லாக நிமிர்த்திப் பிடித்திருக்கும். கூரை உள்ளே வரும். எனவே கூரையைத் தாங்கும் குழாய்க் கூண்டான ரோல் கேஜ் வேண்டும். தோள் பட்டைகளைக் கட்டவும் அதன் குறுக்குக் குழாய்தான் சரியான இடம். பட்டை சீட்டின் மேல்விளிம்பிலிருந்து பின்னோக்கிப் போகும்போது 10 டிகிரிக்கு மேல் சரியாமலிருப்பது நல்லது, 45ஐத் தாண்டவே கூடாது என்கிறது சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ. இவனைப் போலத் தரையை நோக்கிக் கீழே இழுத்துக் கட்டினால், உடல் முன்னே பாயும்போது பட்டை தோளைக் கீழே அமுக்கும். அந்தச் சுமை முதுகெலும்புக்குப் போகும்.

இனி தலை. நெஞ்சை அசையாமல் கட்டிவிட்டோம். தலையை யாரும் கட்டவில்லை. ஹெல்மெட்டோடு ஆறு கிலோவாவது வரும் தலை கழுத்தை முன்னே இழுக்க, மண்டையோட்டின் அடிப்பகுதி உடையும். 2001 பிப்ரவரி 18 அன்று அமெரிக்காவின் டேடோனா பந்தயத்தில் ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் இறந்தது இத்தகைய முறிவால்தான். அதைத் தடுக்கும் ஹான்ஸ் என்ற தோள் நுகத்தை, ராபர்ட் ஹப்பர்ட் என்ற பேராசிரியரும் பந்தய ஓட்டுநரான அவர் மைத்துனர் ஜிம் டவுனிங்கும் 1980களிலேயே உருவாக்கியிருந்தார்கள். ஃபார்முலா ஒன் அதைக் கட்டாயமாக்கியது 2003இல். கட்டாயமாவதற்கு இருபது வருஷம் போல ஆகியிருக்கிறது!

வீட்டுக் காரின் பெல்ட்டை மெதுவாக இழுத்துப் பாருங்கள், வரும். வெடுக்கென்று இழுங்கள், பூட்டிக்கொள்ளும். முன்னே சாயவும், வளைவில் எட்டிப் பார்க்கவும் விட்டுவைத்த தளர்வு அது. காற்றுப்பையும் அந்த பெல்ட்டைக் கணக்கில் வைத்தே விரிகிறது. ஹார்னஸ் போட்டவன் களியக்காவிளைச் சந்தியில் இரண்டு பக்கமும் பார்த்துத் திரும்ப முடியாது.

பையன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான். “அப்போ போல்ட்டை மட்டும் மேலே மாத்தட்டா?” என்றான். நான் பட்டையின் ஓரத்தில் தைத்திருந்த சின்ன லேபிளைத் திருப்பினேன். ஹார்னஸ் துணி வெயிலிலும் நாளாவட்டத்திலும் நலிந்துபோகும் என்பதால் எஃப்ஐஏ ஐந்தாண்டுதான் ஆயுள் தருகிறது. லேபிளில் எழுத்து மங்கியிருந்தாலும் வருஷம் தெரிந்தது: 2014.

அவன் ஸ்பேனரைத் தேடப் போனான்.