எங்களுக்குப் பிறகு யார்?

ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில், கதவோரமாக அமரும் குடும்பங்கள் நம் பங்குகளில் உண்டு. பிள்ளை சத்தமிட்டால் உடனே வெளியே அழைத்துச் செல்ல வேண்டுமே என்ற தயக்கம் அவர்களுக்கு. அந்தப் பிள்ளைக்கு முப்பது வயதுகூட இருக்கலாம். அறிவுசார் குறைபாடு உடையவர்களின் பெற்றோரிடம் மனம்விட்டுப் பேசினால், "எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்?" என்ற கேள்விதான் எழுகிறது.

இது மருந்தால் தீரும் நோயன்று, சாபமும் அன்று. பிறவியிலேயே பார்வையற்றிருந்தவரைக் குறித்து, யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது இயேசு அந்த எண்ணத்தையே மறுத்ததை யோவான் நற்செய்தி 9ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். ஆனாலும் அத்தாயின் காதில் விழும்படி பேசுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள் என்பது வருத்தமானது.

அன்பின் மிகுதியால் பெற்றோர் எல்லாவற்றையும் தாங்களே செய்துவிடுகிறார்கள். தாய் நோயுற்றுப் படுத்தால் மகனுக்குச் சட்டை போடவும் தெரிவதில்லை. பல் துலக்குவது, தட்டு கழுவுவது போன்றவற்றைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, நாள்தோறும் ஒரே விதமாகப் பழக்கினால் பலரும் கற்றுக்கொள்கிறார்கள். மாதங்கள் ஆகலாம். ஆகட்டுமே!

நம்மில் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. 18 வயது நிறைந்ததும், சட்டத்தின் பார்வையில் பெற்றோர் தாமாகவே பாதுகாவலர் ஆவதில்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் நிலை அலுவலர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் பெற்றோரோ உறவினரோ விண்ணப்பிக்கலாம். நியமிக்கப்படும் பாதுகாவலர் சொத்துக் கணக்கை ஆண்டுதோறும் ஒப்படைக்க வேண்டும். கவனிக்கத் தவறினால் அவரை நீக்கவும் சட்டத்தில் இடமுண்டு.

உடன்பிறந்தவர்களிடம் இதை முன்கூட்டியே பேசுவது நல்லது. அப்பாவின் அடக்கத்தன்று, "இனி தம்பி உன் பொறுப்பு" என்று அக்காளிடம் சொல்வது இருவருக்குமே நியாயமாகாது. ஏற்க இயலாது என்று அவள் சொன்னாலும், வேறு வழி தேடப் பெற்றோருக்குக் காலம் கிடைக்கும்.

பங்கிற்கும் பொறுப்பு உண்டு. உடலிலோ உள்ளத்திலோ குறைபாடு உடையோருக்கு அவர்கள் நிலைக்கேற்ப மறைக்கல்வி கிடைக்கப் பங்குத்தந்தை வழிசெய்ய வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் 777. அன்பியக் கூட்டத்திற்கு அத்தாய் வருவதில்லை என்று குறைபட்டுக்கொள்கிறோம். அடுத்த கூட்டத்தை அவர் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமே. அந்த மகனே பாய் விரித்து நம்மை அமரச் சொல்லட்டும்.