தடித்த கரும்பா, நிறைந்த தூரா? ரகத் தேர்வில் கவனிக்க வேண்டியவை

காவிரியின் கடைமடையில் இருக்கிறது காரைக்கால் தலத்தெரு. இங்கே கரும்பு வைக்க நினைப்பவர் கரணை வாங்கப் போனால், முதலில் கண்ணில் படுவது கரும்பின் தடிமன்தான். ஆனால், ரகம் உருவாக்குபவர்கள் எத்தனை கரும்பு நிற்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

எண்ணிக்கையா, எடையா?

ஏக்கருக்கு 40,000 கரும்பு, ஒன்று 1.25 கிலோ என்றால் 50 டன். ஒன்றரைக் கிலோ எடையுள்ள தடித்த கரும்பாக இருந்தும் 30,000 தான் நின்றால் 45 டன். அறுவடைக்குத் தேறும் கரும்பின் எண்ணிக்கை, தனிக்கரும்பின் எடை இரண்டும் சேர்ந்ததுதான் மகசூல். இவற்றோடு சர்க்கரைச் சத்து, கட்டைப்பயிர் தழைக்கும் திறன், நோய் எதிர்ப்பு ஆகியவற்றையும் சோதித்த பிறகே ஒரு ரகம் வெளிவரும். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

நாணல் தந்த பலம்

கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையம் 1912-ல் தொடங்கப்பட்டது. அங்கே பார்பர், வெங்கட்ராமன் ஆகியோர் தடித்த கரும்பை, ஆற்றங்கரை நாணல் வகையோடு ஒட்டுச் சேர்த்தார்கள். நாணலில் சர்க்கரை மிகக் குறைவு, தண்டும் மெலிசு. ஆனால், தூர் கட்டுவதிலும் வறட்சி, தண்ணீர் தேக்கத்தைத் தாங்குவதிலும் கெட்டி. அப்படிப் பிறந்த கோ 205, 1918-ல் வெளியாகி வட இந்தியாவில் பரவியது.

ஒரு குணத்தை மட்டும் நம்பக் கூடாது

கடலூரில் உருவான கோ.க. 671 சர்க்கரைச் சத்தில் சிறந்தது. ஆனால், செவ்வழுகல் நோய்க்கு இலக்கானது. அதைப் பெற்றோரில் ஒன்றாக வைத்து உருவான கோ 86032, தமிழகத்தில் பெருமளவு பயிரானது.

சொந்த வயலில் தேர்வு செய்யலாமா?

ஒரே ரகத்தில் தடித்த கரும்பாகப் பொறுக்கி நட்டாலும் புது ரகம் கிடைக்காது. கரணையிலிருந்து வருவது தாய்க்கரும்பின் அதே குணம்தான். தடிமன் கூடியது பெரும்பாலும் இடைவெளி, உரம், தண்ணீரால். ஆனால், கரணைத் தேர்வு வீண் வேலை இல்லை. 6 முதல் 8 மாத வயதுள்ள நாற்றங்கால் கரும்பில், பருக்கள் சேதமில்லாத கரணைகளையே எடுக்க வேண்டும். சிலவற்றைப் பிளந்து பார்த்து, உள்ளே சிவந்திருந்தால் அந்த வயல் கரணையே வேண்டாம்.

தண்ணீர் தேங்கும், உப்பு ஏறும் கடைமடை நிலத்தில் செவ்வழுகல் தண்ணீரோடும் பரவும். எனவே, தலத்தெரு விவசாயி ரகம் கேட்கும்போது, "எவ்வளவு தடிக்கும்?" என்பதற்கு முன், "தண்ணீரையும் உப்பையும் தாங்குமா, செவ்வழுகலை எதிர்க்குமா, கட்டையில் எத்தனை தூர் நிற்கும்?" என்று கேட்பது நல்லது.