கதைமுடிவும் சுவைஞர் வெகுளியும்

கதை கேட்போர் கதைக்குள் நிகழ்வன கண்டு அழுதலும் நகுதலும் எந்நாட்டிலும் எக்காலத்திலும் உள்ளனவே. கதைமாந்தர்மீதன்றிக் கதையை ஆக்கியோர்மீது சினங்கொள்ளுதல் அவற்றினின்றும் வேறானது. முன்னையது கலையின் பயன். பின்னையது கலையைப் பற்றியதொரு தீர்ப்பு. இவ்வேறுபாட்டை விளக்குதற்கு 'கேம் ஒவ் த்ரோன்ஸ்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடருக்கு அதன் சுவைஞர் அளித்த வரவேற்பு சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும். 2013இல் அத்தொடரைக் கண்டு அழுத சுவைஞர் கூட்டமே 2019இல் அதனைக் கண்டு வெகுண்டது. அவ்வழுகை யாது பற்றி எழுந்தது, அவ்வெகுளி யாது பற்றி எழுந்தது என்பன ஈண்டு ஆராயப்படும்.

தொடருக்கு மூலமாக அமைந்த நாவல்களை இயற்றியவர் ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் என்பார். 1948இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திற் பிறந்த இவர், 1980களில் தொலைக்காட்சிக்குக் கதை எழுதி வந்தார். செலவும் கால அளவும் கற்பனைக்குத் தளையாதலைக் கண்டு சலிப்புற்ற அவர், படமாக்குதற்கு இயலாத அளவு விரிந்ததொரு கதையை நாவலாக எழுதத் துணிந்தார். அதன் முதல் நூல் 1996இல் வெளிவந்தது. 1998, 2000, 2005, 2011 ஆகிய ஆண்டுகளில் ஏனைய நான்கும் தொடர்ந்தன. பதினைந்தாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் இரு அரச குலங்களிடையே நிகழ்ந்த 'ரோசாப்பூப் போர்கள்' இக்கதைக்கு வித்தாயின. வெஸ்டெரோஸ் என்னும் கற்பனைக் கண்டமும், அதன் அரியணைக்குப் பொருதும் குலங்களும், வடதிசைப் பனியினின்று எழும் இறந்தோர் படையும், நெருப்புமிழும் பறவைநாகங்களும் அதன் பொருளாம்.

படமாக்குதற்கு இயலாதென ஆசிரியர் கருதிய அக்கதையை டேவிட் பெனியொவ், டீ. பீ. வைஸ் என்னும் இருவர் எச்.பீ.ஓ. நிறுவனத்துக்காகத் தொடராக ஆக்கினர். வட அயர்லாந்தின் பெல்பாஸ்ற் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு, குரோசியாவின் டுப்ரோவ்னிக், ஐஸ்லாந்து, ஸ்பெயின் முதலாய இடங்களிலும் காட்சிகள் எடுக்கப்பட்டன. 2011 ஏப்ரல் 17ஆம் நாள் முதல் அங்கம் ஒளிபரப்பாயிற்று. 2019 மே 19ஆம் நாள் எழுபத்து மூன்றாம் அங்கத்தோடு தொடர் நிறைவுற்றது. அமெரிக்காவில் முதல் அங்கத்தை அன்றிரவு கண்டோர் ஏறக்குறைய 22 இலட்சம் பேர். இறுதி அங்கத்தைக் கண்டோர் 1 கோடி 93 இலட்சம் பேர்.

இத்தொடரின் சுவைஞர் தொடக்கத்தில் இருதிறத்தாராய் இருந்தனர். நாவல்களை முன்னரே கற்று, வருவது அறிந்து பார்த்தோர் ஒருசாரார்; நூலறியாது காட்சியை மட்டுமே கண்டோர் மற்றொரு சாரார். முதற் பருவத்தின் ஒன்பதாம் அங்கத்தில் எடார்ட் ஸ்டார்க் தலை துணிக்கப்பட்டபோது பின்னவர் திகைத்தனர். கதைத் தலைவன் எனத் தாம் கொண்டிருந்தவன் இடையிலே மடிவான் என்பதை அவர் எதிர்பார்த்திலர். நூல் கற்றோரோ அவ்விரகசியத்தைத் தம் நண்பரிடத்தும் வெளியிடாது காத்தனர். பிறர் அடையவேண்டிய சுவையை முன்கூறிக் கெடுத்தலாகாது என்னும் நாகரிகம் அக்கூட்டத்தாரிடையே எழுதாச் சட்டமாய் நிலவியது.

2013 ஜூன் 2ஆம் நாள் ஒளிபரப்பான அங்கத்தில் இந்நிலை உச்சம் எய்தியது. 'செந்நிறத் திருமணம்' எனச் சுவைஞர் வழங்கும் அக்காட்சியில், எடார்டின் மைந்தன் றொப், அவன் தாய் கேட்டலின், அவன் மனைவி ஆகியோர் மணவிருந்தில் வஞ்சகமாகக் கொல்லப்படுகின்றனர். நிகழவிருப்பதை அறிந்த நூலோர் பலர், அறியாத தம் உறவினரும் நண்பரும் அதனைக் காணும்போது அவர்தம் முகங்களைப் படம்பிடித்து வெளியிட்டனர். வாய்பொத்தி அலறுவோரும், எழுந்து அறையினின்று வெளியேறுவோரும், சொல்லிழந்து அமர்ந்திருப்போரும் அப்படங்களிற் காணப்பட்டனர். இனி இத்தொடரைக் காணேன் எனச் சூளுரைத்தோரும் உளர். ஆயினும் அடுத்த ஆண்டு ஏப்ரலில் நான்காம் பருவம் தொடங்கியபோது அமெரிக்காவில் 66 இலட்சம் பேர் அதனைக் கண்டனர். தொடரின் சுவைஞர் தொகை அதுகாறும் அவ்வளவு உயர்ந்ததில்லை. ஆகவே, துயரம் சுவைஞரைத் துரத்தவில்லை. மேலும் இறுகப் பிணித்தது.

இதன் காரணம் யாது? அம்மரணங்கள் கொடியனவேனும் காரணமற்றன அல்ல. எடார்ட், அரசியின் மறைவொழுக்கத்தை அறிந்தும், அவள் பிள்ளைகள்மீது இரங்கி, அவள் தப்பியோடுதற்கு வழிசெய்வான் போலத் தான் அறிந்ததை அவளிடமே உரைத்தான். அவ்விரக்கமே அவனுக்குக் கூற்றாயிற்று. றொப், பிரே குலத்துப் பெண்ணை மணப்பதாக வாக்களித்து அவர்தம் ஆற்றுப்பாலத்தைக் கடந்தான்; பின்னர் வேறொருத்தியை மணந்து வாக்குப் பிழைத்தான். பிழைக்கும் தண்டனைக்கும் இடையே நின்ற ஒவ்வொரு படியும் காண்போர் கண்முன்னே வைக்கப்பட்டிருந்தது. விருந்தினரைக் கொல்லுதல் என்னும் கொடுமையும் வெறுங் கற்பனையன்று. 1440இல் எடின்பரோ கோட்டையில் டக்ளஸ் குலத்து இளைஞர் விருந்தின்போது பற்றிக் கொல்லப்பட்டமையும், 1692இல் கிளென்கோவில் தங்கவந்த படையினர் தமக்கு உணவிட்டோரையே கொன்றமையும் தமக்கு முன்மாதிரியாயின என மார்ட்டின் கூறியுள்ளார்.

நிகழ்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருதல் வேறு, ஒன்றன் காரணமாக ஒன்று வருதல் வேறு என்பது அரிஸ்டோட்டில் தம் கவிதையியலில் வற்புறுத்திய உண்மை. எதிர்பாராத வகையிலும், அதேவேளையிற் காரணத் தொடர்புடனும் நிகழ்வதே அச்சத்தையும் இரக்கத்தையும் மிகுதியும் எழுப்பும் என்பார் அவர். செந்நிறத் திருமணம் எழுப்பிய அழுகை இவ்விதிக்கு இயைந்ததாம்.

இனி, தொடரின் பிற்பகுதியை நோக்குதல் வேண்டும். 2016இல் ஆறாம் பருவம் வந்தபோது நூல்கள் பின்தங்க, தொடர் அவற்றை முந்திச் சென்றது. ஆறாம் நூல் 2019இல் தொடர் முடிவுற்றபோதும் வெளிவந்திலது. நூலோர்க்கு இருந்த முன்னறிவு அன்றோடு ஒழிந்தது. இருதிறத்தாரும் ஒரே நிலையில் நின்று காண்போராயினர். தொடரை ஆக்கியோரின் நிலையும் மாறியது. கதை சென்றடையும் இடங்கள் சிலவற்றை மார்ட்டின் அவர்களுக்கு முன்னரே எடுத்துரைத்திருந்தார். ஆயின், அவ்விடங்களுக்குச் செல்லும் வழி எழுதப்பட்டிருக்கவில்லை. சேருமிடம் கையில் இருந்தது, வழி இல்லை. அவ்வழியைத் தாமே சமைக்கவேண்டிய அப்பொழுதில், முதல் ஆறு பருவங்களுக்கும் பப்பத்து அங்கங்கள் வகுத்தோர், ஏழாம் பருவத்தை ஏழாகவும் எட்டாம் பருவத்தை ஆறாகவும் சுருக்கினர்.

இச்சுருக்கத்தின் விளைவு 2017இலேயே புலப்பட்டது. ஏழாம் பருவத்தின் ஓர் அங்கத்தில், வடகோடிப் பனிவெளியிற் பகைவராற் சூழப்பட்டோர் உதவி வேண்டி ஆள் அனுப்ப, தூதுக்காகம் பெருந்தொலைவு பறந்து செய்தி சேர்க்க, பறவைநாகங்கள் உடனே வந்து அவர்களை மீட்கின்றன. இத்துணை விரைவு யாங்ஙனம் கூடும் எனச் சுவைஞர் வினவினர். அவ்வங்கத்தை நெறிப்படுத்திய அலன் டெய்லர், நம்புதற்கேற்ற இயலாமை என்னும் கருத்தைச் சுட்டி விடையிறுத்தார். அக்கருத்தும் அரிஸ்டோட்டிலுடையதே. நிகழவொண்ணாததாயினும் நம்பத்தக்கதே கவிதைக்கு ஏற்றது என்பது அவர் கொள்கை. ஆனால், சுவைஞர் அவ்வளவுகோலையே கொண்டு தொடரை அளந்தனர் என்பது கவனித்தற்குரியது. பறவைநாகம் உலகில் இல்லாதது. அதனை அவர் ஏற்றனர். காகத்தின் விரைவை ஏற்றிலர். முதற் பருவத்தில் வடக்கினின்று தலைநகர் செல்லும் பயணம் நெடிதெனக் காட்டிய கதை, தான் வகுத்த விதியைத் தானே மீறியதன்றோ?

2019 வசந்தத்தில் எட்டாம் பருவம் வெளிவந்தபோது குறைகூறல் பெருகியது. ஏப்ரல் 28ஆம் நாள் அங்கத்தில் இறந்தோர் படையுடன் நிகழும் பெரும்போர் இருளில் மூழ்கிக் கண்ணுக்குப் புலனாகவில்லை என்றனர். மே 5ஆம் நாள் அங்கத்தில் விருந்து மேசைமீது இக்காலத்துக் கோப்பிக் குவளையொன்று காணப்பட்டது. நிறுவனம் பின்னர் அதனைப் படத்தினின்றும் நீக்கியது. சிறியதேனும் அக்குவளை பெருங் கவனக்குறைவின் அடையாளமாகப் பேசப்பட்டது. மே 12ஆம் நாள் அங்கமே வெகுளியின் மூலம். அடிமைகளை விடுவித்தவளும், பலர் உள்ளங்கவர்ந்த தலைவியுமாகிய டெனேரிஸ், தலைநகர் சரணடைந்து மணிகள் ஒலித்த பின்னரும் அந்நகரையும் மக்களையும் எரியூட்டினாள். இறுதி அங்கத்தில் அவள் கொல்லப்பட, பிரான் என்னும் இளைஞன் அரசனாகத் தேரப்பட்டான். மக்களை ஒன்றுபடுத்த வல்லது கதையே, பிரானினும் சிறந்த கதையுடையான் யாருமிலன் என்பது அவனைத் தேர்தற்குக் கூறப்பட்ட காரணம். அத்தகையோன் ஐந்தாம் பருவம் முழுவதும் தோன்றவேயில்லை என்பதைச் சுவைஞர் மறந்திலர்.

எட்டாம் பருவத்தைத் தகுதிவாய்ந்த எழுத்தாளரைக் கொண்டு மீண்டும் ஆக்கவேண்டும் எனக் கோரிய விண்ணப்பம் ஒன்றில் அம்மாத நடுப்பகுதியிலேயே பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். அவ்விண்ணப்பம், பல ஆண்டுகள் உழைத்த கலைஞரையும் தொழிலாளரையும் மதியாத செயல் என நடிகையருள் ஒருவரான சோபி ரேணர் கூறினார்.

இவ்வெகுளி வெறும் ஏமாற்றமேயன்றி வேறில்லை என வாதிப்போர் உளர். அவர் கூற்றிலும் உண்மையுண்டு. டெனேரிஸ் தாங்கிய பட்டப்பெயரான 'கலீசி' என்பது அமெரிக்காவில் 2018இல் மட்டும் ஐந்நூறுக்கு மேற்பட்ட பெண் குழந்தைகளுக்கு இடப்பட்டது. அங்ஙனம் பெயரிட்டோர் அவளைக் கொடுங்கோலியாகக் காண விரும்பார். அவள் முன்னரே பகைவரைச் சிலுவையில் அறைந்தும் நெருப்பிலிட்டும் கொன்றவள் ஆதலின், அவள் வீழ்ச்சிக்கு வித்து இல்லாமலில்லை. மேலும், சுவைஞர் விருப்பம் கலைக்கு நல்ல வழிகாட்டியன்று என்பதற்கு வரலாறு சான்று பகரும். சேக்ஸ்பியரின் 'லியர் மன்னன்' நாடகத்தை 1681இல் நாகும் டேற் என்பவர் கொர்டீலியா உயிர்வாழும் இன்பமுடிவாக மாற்றினார். 1838இல் மக்ரெடி என்னும் நடிகர் மூலவடிவை மீட்கும்வரை ஒன்றரை நூற்றாண்டு ஆங்கில அரங்கில் அம்மாற்றமே ஆட்சி செய்தது. 1893இல் ஷேர்லொக் ஹோம்ஸை அருவியில் வீழ்த்திக் கதைமுடித்த கொனன் டொயில், வாசகர் வேண்டுகோள் ஓயாமையால் 1903இல் அவனை உயிருடன் மீளச் செய்தார். மார்ட்டினோ, சில வாசகர் தம் கதைமுடிவை ஊகித்துவிட்டனர் என்றும், அதன்பொருட்டு அதனை மாற்றப்போவதில்லை என்றும் 2014இல் கூறினார். அவ்வுறுதி போற்றற்குரியது.

எனினும், டேற் காலத்தாரின் விருப்பமும் 2019இன் வெகுளியும் ஒரு தன்மையன அல்ல. முன்னவர் துயரத்தைத் தாங்காது இன்பத்தை வேண்டினர். பின்னவரோ எடார்டின் மரணத்தையும் செந்நிறத் திருமணத்தையும் தாங்கியவர். டெனேரிஸ் கொடியவளாதல் கூடாது என்று கூறியோரினும், அவள் கொடியவளாதற்குரிய படிகள் காட்டப்படவில்லை என்று கூறியோர் கூற்றே வலிமையுடையது. வித்தும் கனியும் காட்டப்பட்டன; இடையில் மரம் வளர்ந்ததைக் கண்டாரிலர்.

பிறநாட்டு நாடகத்தைத் தமிழ் மரபின் அளவைகொண்டு நோக்குதல் புதிதன்று. ஈழத்து விபுலாநந்த அடிகள் சேக்ஸ்பியரைச் செகசிற்பியார் எனப் போற்றி, அவர்தம் நாடகங்களை 1926இல் வெளியான 'மதங்க சூளாமணி'யில் அவ்வாறு ஆராய்ந்தார். அவ்வழியில் நோக்கின், தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்த முறை ஈண்டு நன்கு பொருந்துகின்றது. அழுகைக்கு அவர் கூறும் காரணங்களுள் இழவும் ஒன்று. வெகுளிக்கு அவர் கூறும் நான்கு காரணங்களும் உறுப்பை அறுத்தல், குடியை நலிதல், அலைத்தல், கொல்லுதல் என ஒருவர் மற்றொருவர்க்கு இழைக்கும் தீங்குகளேயாம். இழப்பு அழுகையைத் தரும். இழைக்கப்பட்ட தீங்கே வெகுளியைத் தரும். 2013இல் சுவைஞர் தாம் நேசித்தோரை இழந்தனர், அழுதனர். 2019இல் எட்டாண்டு தாம் செலுத்திய கவனத்துக்குத் தீங்கிழைக்கப்பட்டதாகக் கருதினர், வெகுண்டனர்.

விண்ணப்பம் நிறைவேறவில்லை, பருவம் மீண்டும் ஆக்கப்படவில்லை. அதே 2019 செப்டெம்பரில் சிறந்த நாடகத் தொடருக்கான எமி விருது அதற்கே வழங்கப்பட்டது. டெனேரிஸின் முன்னோர் வரலாற்றைக் கூறும் 'ஹவுஸ் ஒவ் த டிராகன்' 2022 ஓகத்தில் தொடங்கியபோது, அமெரிக்காவில் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் முதல் நாளிலேயே அதனைக் கண்டனர். வெகுண்டோர் வெறுத்துச் சென்றாரல்லர் என்பது இதனாற் பெறப்படும்.

கதைமுடிவு யாது என்று தீர்மானிக்கும் உரிமை கதையை ஆக்கியோனுடையது. கையொப்பங்களின் தொகை அவ்வுரிமையை மாற்றாது. ஆயின், அம்முடிவுக்குக் காரணம் யாது என்று வினவும் உரிமை சுவைஞனுடையது. அவ்வினாவுக்குக் கதையின் உள்ளிருந்தே விடை பிறத்தல் வேண்டும். விடை பிறந்தவிடத்து மிகக் கொடிய முடிவையும் மக்கள் கண்ணீரோடு ஏற்பர். பிறவாதவிடத்து விருதும் புகழும் அவர் வெகுளியைத் தணிக்கமாட்டா.