சாவகர் சேரியும் நம் முகங்களும்

எம் ஊர்ப் பெயரை நாள்தோறும் பலகால் எழுதுகின்றோம். ஆயினும் அதனைப் பிரித்துப் பொருள் காண்பார் மிகச் சிலரே. சாவகர் வாழ்ந்த சேரி சாவகச்சேரியாயிற்று என்பது வரலாற்றறிஞர் பலர் கொண்ட கருத்து. சேரி என்பது பழந்தமிழில் மக்கள் சேர்ந்து வாழும் இடத்தைக் குறிக்கும். பிற்காலத்தார் அதற்கு ஏற்றிய இழிபொருளை ஈண்டு நினைக்க வேண்டுவதில்லை. சாவகமோ மணிமேகலை கற்றார்க்குப் புதிதன்று. ஆபுத்திரன் மறுபிறப்பெடுத்து அரசாண்ட நாடு அது. யாவா, மலாய் முதலிய கீழைக்கடல் நாடுகளை நம் முன்னோர் அப்பெயரால் வழங்கினர்.

1247ஆம் ஆண்டிற் சந்திரபானு என்னும் சாவக மன்னன் இலங்கைமேற் படையெடுத்து வந்தான். அவனது தாம்பிரலிங்க நாடு, இன்றைய தாய்லாந்தின் தென்பகுதியிலுள்ள நகோன் சி தம்மராட்டைச் சூழ்ந்திருந்தது. இரண்டாம் பராக்கிரமபாகுவிடம் தோற்றபின் இலங்கையின் வடபால் ஆட்சி செலுத்தினான் என்பர். பாண்டியரின் தலையீடும் நேர்ந்தது. இறுதியிற் போரில் மடிந்தான். அவனுடன் வந்தோர் அனைவரும் மடிந்தனரா? படைக்கப்பலில் மனைவி மக்களோடு வந்தோர் பலராயிரார். எஞ்சியோர் இங்கேயே பெண் கொண்டு, இங்குள்ளார் மொழியைப் பேசிச் சில தலைமுறைகளில் நம்மவராயினர் என்று கொள்ளுதலே பொருத்தம்.

அவர்தம் முகம் இன்று எங்கே? ஒருவருக்குப் பெற்றோர் இருவர். பாட்டன் பாட்டியர் நால்வர். பத்தாந் தலைமுறையில் 1,024 பேர். இவ்வாறே இரட்டித்துக்கொண்டு முப்பதாந் தலைமுறைக்கு, அதாவது ஏறத்தாழச் சந்திரபானு காலத்துக்குச் சென்றால், தொகை 107 கோடியாகும். அக்காலத்தில் உலகம் முழுவதிலும் அத்துணை மாந்தர் இருந்திலர். ஆகவே, ஒரே முன்னோர் பல வழியாலும் மீண்டும் மீண்டும் வருகின்றனர் என்பது தெளிவு. சொந்தத்துக்குள்ளேயே கலியாணம் பேசிப் பழகிய தென்மராட்சியாருக்கு இது வியப்பன்று.

பிள்ளையொன்று தாயின் மரபணுக்களிற் பாதியையும் தந்தையின் மரபணுக்களிற் பாதியையும் பெறுகின்றது. எந்தப் பாதி என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். ஒரு வயிற்றிற் பிறந்தாருள் ஒருவர் கறுப்பாகவும் மற்றவர் பொதுநிறமாகவும் இருப்பது அதனாலேயே. தலைமுறைதோறும் பாதி கழிந்துகொண்டே போதலால், மிகத் தொலைவிலுள்ள முன்னோருட் பெரும்பாலார் எம் உடம்பில் எதனையும் விட்டுவையாது மறைந்துவிடுகின்றனர். சாவகனும் அவ்வாறு மறைந்திருத்தல் கூடும்.

1619இற் போர்த்துக்கீசர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர்; 1658இல் ஒல்லாந்தர் வந்தனர். முன்னவர் மொழியிலிருந்து வந்த கதிரையில் அமர்ந்து, மேசையிற் புத்தகத்தை வைத்து, அலுமாரியைப் பூட்டிவிட்டு, பின்னவர் சொல்லாகிய கந்தோருக்குப் போகின்றோம். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். மிளகாய்த்தூள் இல்லாத கறியை யாழ்ப்பாணத்துக் கறியென்று ஒப்புவார் யார்? சொல்லிலும் சோற்றிலும் கலப்பை ஐயுறாத நாம், முகத்தில் அதனைக் கண்டால் மட்டும் தயங்குகின்றோம்.

அத்தயக்கம் எம்மிடத்தும் இருந்தது. 1983இன் பின் கனடா, நோர்வே, பிரான்சு, சுவிற்சர்லாந்து என்று சிதறிச் சென்றோரின் பிள்ளைகள் சிலர் அவ்வந்நாட்டவரை மணந்தனர். அவர்தம் மக்கள் விடுமுறையில் இங்கு வருகின்றனர். அத்தகைய சிறுவன் ஒருவனை அயல்வீட்டிற் கண்டோம். தந்தை நம்மவர், தாய் நோர்வே நாட்டவர். செம்பட்டைத் தலைமயிரைக் கண்டவுடன் நாம் ஆங்கிலத்திற் பேசத் தொடங்கினோம். அவனோ, “எனக்குத் தமிழ் விளங்கும். அப்பம்மா சொல்லித் தந்தவ” என்றான். தமிழ் கற்பிக்கும் எமக்கு அது பெரிய வெட்கமாயிற்று. அப்பம்மா அதனைக் கவனித்ததாகத் தெரியவில்லை. “மூக்கைப் பாருங்கோ மாஸ்டர், அப்படியே அவன்ரை அப்பப்பான்ரை மூக்கு” என்றார்.

சிறிது பொறுத்து அவன் கேட்டான்: “அங்கை என்னைத் தமிழன் எண்டுகினம், இங்கை வெள்ளைக்காரன் எண்டுகினம். எது சரி?”

உடனே விடை கூற இயலவில்லை. ஆனந்த குமாரசுவாமியின் கதையைச் சொன்னோம். 1877இற் கொழும்பிற் பிறந்தவர். தந்தை சேர் முத்துக்குமாரசுவாமி, தாய் எலிசபெத் பீபி என்னும் ஆங்கிலப் பெண்மணி. இரண்டு வயது நிரம்புமுன் தந்தையை இழந்து இங்கிலாந்தில் வளர்ந்தார். கனிப்பொருள் ஆய்வுக்காக இலங்கைக்குத் திரும்பியவர், ஐரோப்பிய உடைநடையைப் போலி செய்த இலங்கையரைக் கண்டித்தெழுதினார். இருபாலும் தமிழ்ப் பெற்றோரை உடையார் காற்சட்டையிற் பெருமை கொள்ள, பாதி ஆங்கிலேயர் அவர்களைத் தடுத்தார்! நடராச வடிவின் பொருளை மேலைநாட்டாருக்கு விளக்கிய அவரது ‘சிவ நடனம்’ 1918இல் நியூயோர்க்கில் வெளிவந்தது.

சிறுவன் கேட்டுக்கொண்டிருந்தான். பின்னர் ஊர்ப் பெயரின் வரலாற்றையும் சொன்னோம். ‘சாவகர்’, ‘சேரி’ என்று தாளில் எழுதிப் பார்த்து, நடுவிலுள்ள ‘ச்’ எங்கிருந்து வந்தது என்று வினவினான். இரண்டு சொற்கள் சேரும்போது தோன்றும் எழுத்தென்று கூறினோம். அதனையும் எழுதிக்கொண்டான். அதற்குள் அப்பம்மா பலாச்சுளை உண்ண அழைத்தார்.